வாஞ்சூர் வழியாக அமெரிக்கா

குடியேற்ற விசா நேர்காணலை வேறு நாட்டிலுள்ள தூதரகத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும் என்பது உண்மை. மாற்றினால் சீக்கிரம் அமெரிக்கா போய்ச் சேரலாம் என்பது நம்பிக்கை. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் பொட்டலில்தான் தரகர்கள் கடை விரித்திருக்கிறார்கள். காரைக்காலின் போலகத்தில் அந்தக் கடைக்கு வியாபாரம் கூடுதல். காரைக்கால் மூன்று பக்கமும் தமிழ்நாடு சூழ்ந்த புதுச்சேரித் துண்டு. தெற்கே நாகூர்க்காரர்கள் வாஞ்சூர் எல்லையைத் தாண்டி வந்து பெட்ரோலும் இன்ன பிற திரவங்களும் நிரப்பிக்கொண்டு போவதை அன்றாடம் பார்க்கிற மண் இது. எல்லை தாண்டினால் எதுவும் மலிவு என்பது இங்கே பள்ளிக்கூடம் போகாமலே கற்கும் பாடம்.

பேசுகிறவர்கள் இருவர். மாப்பிள்ளை அந்தப் பாடத்தில் முதல் வகுப்பில் தேறியவர். அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட அண்ணன் 2006 கடைசியில் இவருக்காகப் போட்ட மனுவுக்கு இப்போதுதான் முறை வருகிறது. மாமா அரசுத் தபால் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். எந்தப் படிவத்தையும் அடியிலுள்ள பொடி எழுத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறவர்.

மாப்பிள்ளை: மாமா, விசயம் முடிஞ்சிது. மும்பை இன்டர்வியூவ கொழும்புக்கு மாத்திடலாம்னு ஏஜென்ட் அடிச்சிச் சொல்றாரு.

மாமா: மும்பைக்கு என்ன வந்துச்சி?

மாப்பிள்ளை: கூட்டம் மாமா. இந்தியா பூராவும் உள்ள குடும்ப விசாக்காரன் அங்கதான் போயி நிக்கிறான். கொழும்புல யாரு இருக்கா? இலங்கைக்காரன், மிஞ்சிப்போனா மாலத்தீவுக்காரன். நாகப்பட்டினத்துல கப்பல் ஏறுனா நாலு மணி நேரத்துல காங்கேசன்துறை. வாஞ்சூர்ல பெட்ரோல் போடுற மாதிரி போனமா, போட்டமா, வந்தமான்னு இருக்கும்.

மாமா: காங்கேசன்துறைல எறங்குனா யாழ்ப்பாணம். கொழும்பு அங்கேர்ந்து சுமாரா 400 கிலோமீட்டர். காரைக்கால்லேர்ந்தே மும்பை லோக்மான்ய திலக் டெர்மினஸுக்கு வாரம் ஒரு ரயில் போவுது. அத விட்டுட்டு கடல் தாண்டுறியே, அங்க என்ன மலிவா கெடைக்கிது?

மாப்பிள்ளை: வரிசை மாமா, வரிசை! இந்திய வரிசை நீளம், இலங்கை வரிசை குட்டை.

குழப்பத்தின் ஊற்றுக்கண் இதுதான். குடியேற்ற விசாவுக்கு வரிசை ஒன்றல்ல, இரண்டு. முதல் வரிசை சட்டம் போட்டது. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமெரிக்கக் குடிமக்களின் உடன்பிறப்புகளுக்கு ஆண்டுக்கு 65,000 விசா. உலகம் முழுமைக்கும் அவ்வளவே. உடன் செல்லும் மனைவி, கணவன், பிள்ளைகளும் அந்தக் கணக்கில்தான் அடங்குவார்கள். குடும்பம், வேலை ஆகிய வரிசைப் பிரிவுகளின் மொத்தத்தில் எந்த ஒரு நாடும் 7 சதவீதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள முடியாது. மனு போட்ட நாளே முன்னுரிமைத் தேதி. எந்தத் தேதிவரை முறை வந்திருக்கிறது என்பதை மாதந்தோறும் வரும் விசா புல்லட்டின் சொல்லும். இரண்டாவது வரிசை தூதரகத்தினுடையது: முறை வந்து, ஆவணங்களும் சரியாக இருப்பவரை எந்த நாளில் கூப்பிடுவது என்பது. நேர்காணலை மாற்றுவது இந்த இரண்டாவது வரிசையை மட்டுமே தொடும்.

மாமா: 20 வருசத்துல பத்தொம்பதே முக்கா வருசம் நீ நின்னது மொத வரிசை. அத எந்தக் கொழும்பும் குறைக்காது. குடிமகனோட பொண்டாட்டி, புருசன், அப்பா அம்மா, 21 வயசுக்குள்ள கல்யாணமாவாத புள்ளைங்க, இவங்களுக்குத்தான் மொத வரிசையே கெடையாது. அவங்களுக்கு ஊரு மாறுனா ஒரு சில மாசம் மிச்சமாவலாம், கூடவும் செய்யலாம். உனக்கு அதுவும் இல்ல.

மாப்பிள்ளை: கொழும்புக்கு மாத்துனா இலங்கைக் கணக்குல சேத்துப்பாங்கன்னு ஏஜென்ட் சொன்னாரே?

மாமா: ஏஜென்ட் சொல்லுவாரு. சட்டம் சொல்றது வேற. எந்த நாட்டுக் கணக்குன்னு பாக்குறது பொறந்த எடத்த வெச்சி. உக்காந்து பதில் சொல்ற நாற்காலி எந்த நாட்டுல இருக்குன்னு பாத்து இல்ல. நீ பாரிசுல போயி இன்டர்வியூ குடு, நிலாவுல போயி குடு, போலகத்துல பொறந்தவன் இந்தியக் கணக்குதான்.

மாப்பிள்ளை (கண் மலர்ந்து): அப்ப எங்க பெரியக்கா மனு? அவ 53ல பொறந்தவ. அன்னிக்கி இது பிரான்சுக்காரன் ஊரு மாமா! பிரெஞ்சுக் கணக்குல போட்டா?

மாமா: அடப் பாவி. வாஞ்சூரத் தாண்டி எடம் மாறுறது போதாதுன்னு வருசத்தையும் தாண்டுறியா? பொறந்த மண்ணு இன்னிக்கி எந்த நாட்டு ஆட்சியில இருக்கோ அந்த நாட்டுக் கணக்கு. 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறுனதோட அந்தக் கடைய மூடியாச்சி.

இருக்கும் இடத்தை மாற்றினால் நாடு மாறும் என்ற எண்ணம் காரைக்காலில் வானத்திலிருந்து குதித்து வந்ததல்ல. இந்தியாவும் பிரான்சும் 1956 மே 28 அன்று கையெழுத்திட்ட ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அன்று காரைக்காலில் குடியிருந்த, இந்த மண்ணில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியரானார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதே மண்ணில் பிறந்து இந்தியாவுக்கு வெளியே, சைகோன் போன்ற ஊரில் குடியிருந்தவர் எதையும் எழுதாமலே பிரெஞ்சுக்காரராகத் தொடர்ந்தார். ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருவருக்குப் பாரிசிலிருந்து ஓய்வூதியம், இன்னொருவருக்கு ரேஷன் கார்டு. இருப்பிடம் தலையெழுத்தை மாற்றியதைக் கண்ணால் கண்ட ஊரில், அமெரிக்கச் சட்டமும் அப்படித்தான் இருக்கும் என்று நம்புவது இயல்பு. அந்த நம்பிக்கையைக் காசாக்குவது தொழில்.

மாப்பிள்ளை: பொறந்த எடத்த மாத்த வழியே இல்லியா?

மாமா: சட்டத்துல ஒன்னு இருக்கு. பொண்டாட்டி பொறந்த நாட்டுக் கணக்குல புருசன் சேந்துக்கலாம், ரெண்டு பேரும் ஒன்னா குடியேறுனா. புருசன் நாட்டுக் கணக்குல பொண்டாட்டியும் சேந்துக்கலாம். புள்ளை பொறந்த நாட்டுக் கணக்குல மட்டும் பெத்தவங்க சேர முடியாது. உன் பொண்டாட்டி எங்க பொறந்தா?

மாப்பிள்ளை: நிரவியில.

மாமா: நிரவி இன்னமும் இந்தியாவுலதான் இருக்கு. யாழ்ப்பாணத்துல பொண்ணு எடுத்திருந்தா இலங்கைக் கணக்கு கெடைச்சிருக்கும். அதுவும் கற்பகத் தரு இல்ல. 2025 கடைசியில உடன்பொறப்பு வரிசை உலகத்துக்கு 2008 தொடக்கத்துல நின்னுச்சி, இந்தியாவுக்கு 2006 கடைசியில. ஒரு வருசத்துச் சொச்சம்தான் வித்தியாசம். மெக்சிகோக்காரனுக்கு 2001. மத்த குடும்பப் பிரிவுல உலகத்துக்கும் இந்தியாவுக்கும் ஒரே தேதி. வாஞ்சூர்ல லிட்டருக்கு நாலு காசு மிச்சமாவுதுன்னு வேளாங்கண்ணியிலேர்ந்து வண்டி ஓட்டிக்கிட்டு வர்றவன் கணக்குதான் உன்னோடது.

அடுத்தது, யார் மாற்றிக்கொள்ளலாம் என்பது. 2025 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதி தெளிவானது. விண்ணப்பதாரர் எங்கே வசிக்கிறாரோ அந்தப் பகுதிக்குரிய தூதரகத்தில் நேர்காணல். அவர் கேட்டுக்கொண்டால் அவர் குடிமகனாக உள்ள நாட்டில். இந்த இரண்டுக்கும் வெளியே வேறெங்காவது வேண்டுமென்றால் அது விதிவிலக்கு: உயிர் காக்கும் மருத்துவ நெருக்கடி, மனிதாபிமானக் காரணம் போன்றவை. அவையும் அரிதாகவே ஏற்கப்படும்.

மாப்பிள்ளை: அப்ப யாருக்கும் மாத்துறதே இல்லங்கிறீங்க.

மாமா: யாரு சொன்னா? மேலத்தெரு பையன் ஏழு வருசமா சிங்கப்பூர்ல வேலை பாக்குறான். வொர்க் பாஸ் இருக்கு, வாடகை ரசீது இருக்கு. அவன் கேசு மும்பைக்குன்னு எழுதியிருந்தாலும் சிங்கப்பூருக்குக் கேக்கலாம், அவனுக்கு அது நியாயம். அபுதாபியில இருக்கிறவன் அபுதாபிக்குக் கேக்கலாம். நீ கொழும்புல எத்தனை நாளு இருந்திருக்க?

மாப்பிள்ளை: தாஜ்மகாலே இன்னும் பாக்கல மாமா.

மாமா: தாஜ்மகால் ஆக்ராவுல இருக்கு.

மாப்பிள்ளை: அதைத்தான் சொல்றேன். உள்நாடே பாக்கல.

வேறு நாட்டுக்குப் போயே தீர வேண்டியவர்களும் உண்டு. தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் இல்லாத காரணத்தால் இரானியர்கள் பல ஆண்டுகளாக அங்காரா, அபுதாபி, யெரவான் என்று அலைந்தார்கள். கியூபர்களின் குடியேற்ற விசா நேர்காணல் 2018இல் கயானாவின் ஜார்ஜ்டவுனுக்குப் போனது. ரஷ்யர்களுக்கு 2021இல் வார்சா ஒதுக்கப்பட்டது. அந்நிய நாட்டுக்கு ஒரு விசா, அங்கே தங்கக் காசு, தெரியாத மொழியில் மருத்துவமனை: இத்தனையும் அவர்களுக்கு விதியின் பெயரால் வந்த சுமை.

மாமா: அவங்க தூதரகம் இல்லாம அழுவுறாங்க. நீ இருக்கிற தூதரகத்த விட்டுட்டுக் கப்பல் டிக்கெட் கேக்குற.

மாப்பிள்ளை: சரி, சிங்கப்பூர் பையன் எப்பிடி மாத்துவான்? அவனுக்காவது சொல்லி வெக்கிறேன்.

வழிமுறை இது. அமெரிக்காவில் உள்ள உறவினரின் மனுவைக் குடியுரிமை, குடிவரவுச் சேவைத் துறை ஏற்றதும் கோப்பு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே ஆளுக்கு 325 டாலரும், ஆதரவுப் பத்திரச் சரிபார்ப்புக்கு 120 டாலரும் கட்டி, டி.எஸ்-260 படிவத்தை இணையத்தில் நிரப்பி, பிறப்பு, திருமணம், காவல்துறைச் சான்றுகளை ஏற்ற வேண்டும். வசிப்பிடம் வேறு நாடு என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் எளிது. நேர்காணல் தேதி வந்த பிறகு மாற்ற வேண்டுமென்றால், அந்த மையத்தின் விசாரணைப் படிவம் வழியாகக் கேட்க வேண்டும். தூதரகத்துக்கு நேராக எழுதக் கூடாது. அங்கே வசிப்பதற்கான சான்று கேட்பார்கள். கோரிக்கைக்கு என்று தனிக் கட்டணம் எதுவும் கிடையாது.

மாப்பிள்ளை: கட்டணம் இல்லியா?

மாமா: இல்ல. ஏன் மொகம் மாறுது? எவ்வளவு குடுத்த?

மாப்பிள்ளை: அட்வான்ஸுதான் மாமா. கொல்லைக்காட்டுப் பக்கம் ரெண்டு மா நெலத்த ஒத்தி வெச்சேன். அதுக்கு அவரு கையில ஆதாரம் குடுத்திருக்காரு, பாருங்க.

மாப்பிள்ளை நீட்டியது ஒரு வாடகை ஒப்பந்தம். கொழும்பு, வெள்ளவத்தை, காலி வீதியில் ஓர் அறை. மூன்று வருடமாக அங்கே குடியிருப்பதாக வாசகம். தட்டச்சில் பிழை இல்லை. வீட்டுக்காரர் கையெழுத்தும் வாடகைக்காரர் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில். தாளின் தலையில் அசோகச் சின்னம், அதன் கீழே இந்திய ரூபாய் மதிப்பு.

மாமா: கொழும்பு வீட்டுக்கு இந்தியா ஸ்டாம்ப் பேப்பரா?

மாப்பிள்ளை: அங்க ஸ்டாம்ப் பேப்பர் வெலை அதிகம்னாரு. எல்லை தாண்டி இங்க வாங்குனா...

மாமா: வாஞ்சூரா! வாஞ்சூருக்கே வந்து நின்னுட்டானா அவனும்! ஓடுறது மெட்ராசுல, பதிவு காரைக்கால் விலாசத்துலன்னு வரிய மிச்சம் புடிக்கிற காருக்கு விலாசம் எழுதிக் குடுத்தவன் ஒருத்தன் இருந்தானே, அவன் தம்பியாத்தான் இருப்பான். காருக்குப் பொய் விலாசம்னா அபராதத்தோட போச்சி. விசா வாங்கத் தெரிஞ்சே பொய் சொன்னா நிரந்தரத் தடைடா. கையெழுத்துப் போடுறது நீ, மாட்டுறது நீ. ஏஜென்ட் பேரு அந்தப் படிவத்துல எங்கயும் இருக்காது. இருவது வருசம் உன் அண்ணன் காத்திருந்து வாங்கிக் குடுத்த எடத்த, ஒரு ஸ்டாம்ப் பேப்பர்ல கொளுத்திப் போடுறான் அவன். அதுக்குக் காசும் உங்கிட்டதான் வாங்குறான். நெலத்த வித்தவனையும் ஒத்தி வெச்சவனையும் பாத்துப் பாத்து எனக்கு வயிறு எரியிது. இவனுங்க எவனும் ஜெயிலுக்குப் போனதில்ல, இவனுங்கள நம்புனவன்தான் போவாத ஊருக்கு வழி கேட்டு நிக்கிறான்.

பொய் முகவரி பிடிபடாமலே போனாலும் லாபம் ஒன்றுமில்லை. மருத்துவப் பரிசோதனையை நேர்காணல் நடக்கும் நாட்டில், அந்தத் தூதரகம் ஏற்ற மருத்துவரிடமே செய்ய வேண்டும். காவல்துறைச் சான்று சொந்த நாட்டிலிருந்து வேண்டும். இப்போது வசிக்கும் நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கிருந்தும், முன்பு ஓராண்டு வசித்த வேறு நாடுகளிலிருந்தும் வேண்டும். கொழும்பில் மூன்று வருடம் குடியிருந்ததாகச் சொன்னவர் இலங்கைக் காவல்துறைச் சான்றைக் காட்டியாக வேண்டும். பொய் அங்கேயே பல்லிளிக்கும். அதிகாரி கூடுதல் ஆவணம் கேட்டுக் கோப்பை நிறுத்திவைத்தால், முடியும்வரை அந்நிய ஊரில் அறை வாடகை ஓடும். இலங்கையின் சுற்றுலா அனுமதியோ முதலில் 30 நாளுக்குத்தான்.

மாப்பிள்ளை: எல்லாத்தையும் விடுங்க மாமா. எம் பொண்ணுக்கு 22 ஆவுது. 21 தாண்டுனா கூட வர முடியாதுங்கிறாங்க. அதுக்காகத்தான் அவசரப்பட்டேன்.

மாமா சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

மாமா: அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. அதுக்கு 2002லயே ஒரு சட்டம் வந்துச்சி. உன் முறை வர்ற அன்னிக்கிப் பொண்ணுக்கு என்ன வயசோ, அதுலேர்ந்து மனு போட்ட நாளுக்கும் அத ஏத்துக்கிட்ட நாளுக்கும் நடுவுல போன காலத்தக் கழிக்கணும். கழிச்சி 21க்குக் கீழ வந்தா, கல்யாணமும் ஆவலன்னா, ஒரு வருசத்துக்குள்ள விண்ணப்பத்தத் தொடங்கிட்டா, கூட வரலாம். உன் மனுவ ஏத்துக்க எவ்வளவு நாளாச்சி?

மாப்பிள்ளை: மூணு வருசம். ரொம்ப இழுத்தடிச்சாங்கன்னு அண்ணன் திட்டிக்கிட்டே இருந்தாரு.

மாமா: அந்த மூணு வருசம்தான் இப்ப உன் பொண்ணக் காப்பாத்துது. 22ல மூணு போனா 19. அன்னிக்கே ஆறு மாசத்துல வேலைய முடிச்ச சுறுசுறுப்பான அதிகாரி கையில மாட்டியிருந்தா, பொண்ணு வெளிய நின்னுருப்பா. சோம்பேறிக்குக் கும்பிடு போடுற ஒரே சட்டம் இதுதான். மூணு வயசுக் கொழந்தைய வரிசையில நிக்க வெச்சி, அது வளந்து ஆளானதும் நீ பெரியவளாயிட்ட, வெளிய போன்னு சொல்றதுக்கு ஒரு சட்டம், அதுல கூட்டல் கழித்தல் பாக்க இன்னொரு சட்டம். புள்ளைங்கள வெச்சிக் கணக்குப் பாடம் நடத்துறானுங்க.

மாப்பிள்ளை: கொழும்புல குடுத்தா வயசு இன்னும் கொஞ்சம்...

மாமா: வாஞ்சூர் தாண்டுனா வயசு கொறையாது!

மாப்பிள்ளை: சரி மாமா. இப்ப நான் என்னதான் பண்ணணும்?

மாமா: அந்த வாடகைப் பத்திரத்தக் கிழிச்சிப் போடு. கொழும்புக்கு மாத்தச் சொல்லி எதையாவது அனுப்பியிருக்கானான்னு உன் கேசு எண்ண வெச்சி நீயே எழுதிக் கேளு. அனுப்பியிருந்தா, நான் இந்தியாவுலதான் வசிக்கிறேன், மும்பையே போதும்னு உண்மைய எழுது. அட்வான்ஸக் கேட்டு போலீசுல மனு குடு, நான் கூட வர்றேன். மருத்துவப் பரிசோதனைக்கு எந்த எந்த ஊருல டாக்டர் இருக்காங்கன்னு தூதரகத்துப் பட்டியல்ல பாரு. பொண்ணோட வயசுக் கணக்க ஒரு தாள்ல எழுதி, மனு போட்ட ரசீதையும் ஏத்துக்கிட்ட கடுதாசியையும் அதோட வெச்சிக்க. அவங்க கேக்குறதுக்கு முந்தி நீ காட்டு.

மாப்பிள்ளை: இவ்வளவுக்கும் நடுவுல நானா மாத்திக்கிற மாதிரி ஒன்னுகூட இல்லியா மாமா?

மாமா: இருக்கு. விசா அடிச்சாச்சின்னா, அது செல்லுபடியாவுற தேதிக்குள்ள எந்த ஏர்போர்ட்ல வேணாலும் ஏறலாம், அமெரிக்காவுல எந்த ஏர்போர்ட்ல வேணாலும் எறங்கலாம். அண்ணன் நியூயார்க்குன்னாரா? நீ சிகாகோவுக்கு மாத்திக்க. அதுக்கு ஏஜென்ட் வேணாம், ஸ்டாம்ப் பேப்பர் வேணாம். டிக்கெட் காசு மட்டும்தான் வித்தியாசம்.

மாப்பிள்ளை: வாஞ்சூர்லேர்ந்து ஏறுனா டிக்கெட் மலிவா மாமா?